கார் பார்க்கப் போனால் கிணற்றைப் பாருங்கள்

"எத்தினை ஓடினது?"

வாகனம் வாங்க நினைக்கிறவருடைய வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். காப்புறுதிக் கம்பெனியில் வாகன மதிப்பீட்டாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு என்று பெயர்தான். கோயில் வீதியில், செத்த வீட்டில், சலூன் கதிரையில் முகம் முழுக்க நுரையோடு இருக்கும்போதுகூட யாராவது வந்து தொலைபேசியை மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். "அண்ணை, உந்தக் கார் ஒரு லட்சம் ஓடியிருக்காம். எடுக்கலாமோ?" படத்தில் காரின் முகம் மினுங்கும். அடிப்பக்கத்தை ஒருவரும் படம் எடுப்பதில்லை. கேட்டால், "அடியிலை என்னண்ணை பார்க்கக் கிடக்கு?" என்பார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பிரஷர் ஏறும்.

எங்கள் பழைய கிளையில் இப்போது இருக்கிற துஷ்யந்தன் நல்ல பிள்ளை. ஆனால் அவனும் ஒரு சின்னக் கருவியைக் காருக்குள் செருகி, தொலைபேசியில் வருகிற பச்சை அடையாளத்தைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே சேர்" என்கிறான். குனிவதில்லை. முழங்காலில் மண் படுவதில்லை. அவன்தான் வந்து, "சேர், உங்கடை பழைய அனுபவத்தை எழுதித் தாங்கோ, எங்கடை கம்பெனி மலரிலை போடுவம்" என்றான். பழைய அனுபவத்தை ஆர் படிக்கப் போகிறார்கள்? அண்மையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரால் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் மரியநாயகம் சேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

வேலையில் சேர்ந்தபோது கொழும்பில் சில மாதம் பயிற்சி தந்தார்கள். எஞ்சின் பற்றி, தேய்மானம் பற்றி, படிவம் நிரப்புவது பற்றி. அந்தப் படிப்பை யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் வாரமே மரியநாயகம் சேர் குப்பையில் போட்டார். அவர் குருநகர்க்காரர். ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனுசன். என் மேலதிகாரி. வாகனம் பார்க்கப் போனால் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சோடி றப்பர்ச் செருப்பை எடுத்துப் போடுவார். பிறகு காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் பதறிப்போய்த் தேத்தண்ணி வைக்கச் சொல்வார்.

"தேத்தண்ணி வேண்டாம். கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ."

தண்ணீர் வரும். குடிக்கமாட்டார். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, குறோட்டன் செடியடியில் துப்புவார். "ம்" என்பார். அவ்வளவுதான். அதன் பிறகுதான் கார். கைலேஞ்சித் துணியில் கட்டிய ஒரு காந்தத்தைக் கதவுகளின் கீழ் விளிம்பில் மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். காந்தம் பிடிக்காமல் வழுக்குகிற இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு உள்ளே மிதிக்கிற பாயைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சட்டத்தில் ஸ்குறூட்றைவரை வைத்து அழுத்திக்கொண்டே போவார். எஞ்சின் கடைசி. மீற்றரை அவர் பார்த்ததே இல்லை. "அந்த இலக்கத்தை நீ பார்த்து எழுது. எனக்குத் தேவையில்லை" என்பார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எஞ்சின் போனால் வேறை போடலாம். அடிச்சட்டம் போனால் கார் போச்சு. அதைத் தின்னுறது ஓட்டம் இல்லை, தம்பி. தண்ணி."

எங்கள் ஊர்களைச் சுற்றிக் கடல். கரைப் பக்கத்துக் கிணறுகளில் பாதி உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணி. அந்தத் தண்ணியால் காரை வெள்ளிக்கு வெள்ளி கழுவி, பொட்டு வைத்து, மாலை போடுகிற சனம் நாங்கள். மேலே துணியால் துடைத்துவிடுவார்கள். அடியில் வடிந்தது அங்கேயே காயும். எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறாரோ அவ்வளவு கறள், அவ்வளவு துரு. கழுவாமல் விட்ட சோம்பேறியின் கார் நல்லாய் இருக்கும். இதை ஒரு மனுசனுக்கு விளங்கப்படுத்த இந்த ஆயுள் போதாது.

மயிலிட்டிக்கு ஒருமுறை போனோம். சண்டை தொடங்க முந்திய காலம். மீன் ஏற்றுகிற ஒருவருடைய வான் வண்டியின் அடித்தட்டு ஓட்டத்திலேயே உடைந்து விழுந்திருந்தது. வீதிக் கிடங்குப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது, நட்டஈடு வேண்டும் என்று கேட்டிருந்தார். சேர் தண்ணி கேட்டார். அந்த வீட்டு அம்மா சோடா கொண்டுவந்தார். வேண்டாம் என்றார். பிறகு ஒரு செம்பில் தண்ணி வந்தது. உருட்டினார். முகம் சுருங்கியது. நல்ல தண்ணி. செம்பை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய், வாளியை இறக்கி, தானே அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டார். துப்பினார். "ம்."

"குடிக்கிறது எங்கையிருந்து எடுக்கிறியள், அம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கோயிலடிக் கிணத்திலை" என்றார்.

அவ்வளவுதான், வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். வான் போனது போகட்டும், நட்டஈடு கிடைக்காமல் விட்டாலும் விடட்டும், எங்கடை கிணத்தைச் சவர் எண்டு ஆர் சொன்னது, எங்கடை கிணறு தேன், அப்பு காலத்திலை ஊரே வந்து அள்ளினது என்று ஒழுங்கை முனை வரை எங்களோடு சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அப்பு காலத்தில் நல்ல தண்ணியாகவே இருந்திருக்கலாம். கிணறு ஒரே நாளில் மாறுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறும். குடிக்கிறவருடைய நாக்கும் அதோடு சேர்ந்து மாறும்.

பஸ்ஸில் வரும்போது சேர் சொன்னார். "இஞ்சத்தைச் சனத்திட்டை பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுக்கும். கிணத்தைக் குறை சொல்லிப் பார், தெரியும். ஆனபடியால் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. மிச்சத்தைக் காகிதத்திலை எழுது."

சேரிடம் நான் எல்லாம் படித்தேன், அந்தக் கடைசிப் பாடத்தைத் தவிர. பிழையைக் கண்டால் வாய் சும்மா இராது. அதனால் பதவி உயர்வு பிந்தியது, பலர் வீட்டுக் கலியாணத்துக்கு அழைப்பு வரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காந்தமும் ஸ்குறூட்றைவரும் இன்றைக்கும் என் பையில் இருக்கின்றன.

இனி ஸ்போர்ட்ஸ் கார்.

நாங்கள் சண்டிலிப்பாயில் இருக்கிறோம். மகளும் மருமகனும் எங்கள் வழக்கப்படி எங்களோடுதான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, முதலாம் வகுப்பு. மருமகனின் தகப்பன், அதாவது என் சம்பந்தி, மானிப்பாயில் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிபர். ஒவ்வொரு நாளும் காலமை ஸ்கூட்டரில் வந்து பேத்தியை ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அந்த நேரம் நான் முற்றத்தில் என் காரைக் கழுவிக்கொண்டு நிற்பேன். பழைய, சின்ன ஜப்பான் கார். அதைக் கழுவாமல் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. ஒருநாள் சம்பந்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, ஒரு கார் பார்த்து வைச்சிருக்கிறன்."

"நல்ல விசயம். என்ன கார்?"

"ஸ்போர்ட்ஸ் கார்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"பிள்ளைக்கு ஸ்கூட்டரிலை வெயில் படுகுது, சம்பந்தி. கறுத்துப் போகுது. அதுதான் யோசிச்சனான். பழைய இங்கிலீசுக் கார். ரெண்டு சீற். கூரையை மடிச்சுப்போட்டுக் காத்தோட்டமாய்ப் போகலாம்."

"வெயிலுக்குப் பயந்து கூரை இல்லாத காரோ?"

"கூரை கிடக்கு. மடிக்கலாம் எண்டுதான் சொன்னனான்."

அதிபராக இருந்த மனுசன். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தவர். நான் வாய் திறந்தேன். அதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். கனடாவில் இருக்கிற தம்பியோடு ஒரு கிழமையாக இதே சண்டையாம். மீற்றர் கடைசி இலக்கம் வரை போய் இரண்டு தரம் பூச்சியத்துக்குத் திரும்பி வந்த கார் அது. அவ்வளவு ஓடின காரைப் பைத்தியக்காரனும் வாங்கமாட்டான் என்பது தம்பியின் கட்சி. அவ்வளவு ஓடியும் இன்னும் ஓடுகிறதென்றால் அதுதான் நல்ல கார் என்பது இவருடைய கட்சி. இரண்டு பேரும் குரல் பதிவு அனுப்பி அனுப்பிச் சண்டை பிடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எனக்குப் போட்டுக் காட்டினார். பேத்திக்குப் பள்ளிக்கூடம் பிந்திவிட்டது.

"நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் சரி எண்டால் சரி" என்றார். அந்தச் சொல் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். நான் போய்த் தலையாட்ட வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லலாமா? சம்பந்தி. மகள் குசினி வாசலில் நின்று கண்ணால் கெஞ்சினாள். "அப்பா, மாமாவோடை கொழுவாதேங்கோ. போய்ப் பார்த்திட்டு வாங்கோவன்." எனக்கு அந்தக் காரை எவருக்கு விற்றாலும் ஒன்றுதான். ஆனால் அதில் ஏறிப் போகப்போவது என் பேத்தி. அந்த ஒன்றுக்காகத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

சனிக்கிழமை ஓட்டோ பிடித்துத் தொண்டைமானாற்றுக்குப் போனோம். பேத்தியும் வந்தாள். சந்நிதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஆறு கடலோடு சேர்கிற பக்கமாக ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினோம். கார்க்காரர் பெயர் நடராசா. கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், எண்பது தாண்டிவிட்டது. மனைவி இல்லை, ஒரு மகள் பக்கத்து வளவில். நாங்கள் போனபோது பெனியனும் சாரமுமாக, ஒரு முழங்காலை மடிக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, வாளியும் துணியுமாகக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அழகான கார். அதை நான் மறுக்கமாட்டேன். பாசிப்பச்சை நிறம், நீண்ட மூக்கு, கம்பிச் சில்லுகள். இங்கிலாந்தில் கப்பல் நின்ற காலத்தில் வாங்கி, கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்தவராம். பெற்றோல் இல்லாத காலத்தில் ஊரில் எல்லாக் கார்களும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியபோது இதுவும் ஓடியது. இடம்பெயர்ந்தபோது இரண்டு பேர் இருக்கிற காரில் வீட்டுச் சனம் எல்லாவற்றையும், மடியில் ஒரு ஆட்டுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் வரை போயிருக்கிறார். சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பேத்தி ஒருவரையும் கேளாமல் கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டாள்.

நடராசா அண்ணை சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் எழும்பியது. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல. இவ்வளவு காலத்தில் இப்படிச் சீரான பழைய எஞ்சினை நான் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் கேட்டிருக்கிறேன். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள்.

"பாத்தியளோ!" என்றார் சம்பந்தி. "இப்ப என்ன சொல்லுறியள்?"

"அண்ணை, கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ" என்றேன்.

நடராசா அண்ணைக்கு முகம் மலர்ந்தது. "தேத்தண்ணி கேளாமல் தண்ணி கேட்டியள் பாருங்கோ, உங்களுக்கு விசயம் தெரியும். எங்கடை கிணறு தேன், தம்பி." மகளைக் கூப்பிடாமல் தானே நொண்டி நொண்டிப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்.

ஒரு வாய் எடுத்து உருட்டினேன். வேறு உருட்டல் வேண்டியிருக்கவில்லை. நாக்கின் இரண்டு கரையும் எரிந்தது. திரும்பி நின்று துப்பினேன். சம்பந்தி தன் பங்கை அண்ணாந்து முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, "அருமையான தண்ணி!" என்றார். மரியாதையாம். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இது சவர்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"என்ரை நாக்குச் சொல்லுது."

சம்பந்தியின் பையில் கடையில் வாங்கிய தண்ணிப் போத்தில் ஒன்று இருந்தது. அதைத் திறந்து கொடுத்து, "இதைக் குடிச்சுப்போட்டு உங்கடையைக் குடிச்சுப் பாருங்கோ" என்றேன். குடித்தார். முகத்தைச் சுளித்தார். "உதென்ன தண்ணி, தம்பி? சப்பெண்டு கிடக்கு. உயிரில்லை." பிறகு தன் கிணற்றுத் தண்ணியைக் குடித்து, "இது தண்ணி" என்றார். கோதாரி, இந்த நாக்கை வைத்துக்கொண்டு நான் யாரோடு வழக்குப் பேசுவது?

பேசாமல் காந்தத்தை எடுத்தேன். கதவின் கீழ் விளிம்பில் முழுக்க வழுக்கியது. பேத்தி இருந்த பக்கத்தில் பாயைத் தூக்கினேன். புதிதாகத் தார் பூசியிருந்தது. "அது மகள் கூட்டிக்கொண்டு வந்த ஆள் ஒருத்தன் செய்து தந்தவன், அடியிலை ஈரம் வராமல் இருக்க" என்றார். பெருவிரலால் அழுத்தினேன். அமிழ்ந்தது. தாருக்குக் கீழே இரும்பு இல்லை, நூல்துணியும் பசையும். என் பேத்தி இரண்டு காலையும் அதன்மேல் வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். என் வயதுக்கு அது சுகமான வேலை இல்லை. பின் சில்லைத் தாங்குகிற இரும்பு வில் அடிச்சட்டத்தோடு சேர்கிற இடத்தில் ஸ்குறூட்றைவரை வைத்து, மரியநாயகம் சேர் செய்வது போல, பாரம் கொடுக்காமல் ஒரு தள்ளுத் தள்ளினேன். கைபிடி வரை உள்ளே போனது. இழுத்தபோது சிவப்புத் தூள் என் கண்ணில் கொட்டியது. ஒரு பெரிய கிடங்கில் விழுந்தால் அந்தச் சில்லு கழன்றுபோகும். கார் எங்கே போகும் என்று எவருக்கும் தெரியாது.

வெளியே வந்து அந்தத் தூளை உள்ளங்கையில் ஏந்தி நடராசா அண்ணையிடம் காட்டினேன். அவர் கப்பல் எஞ்சினியர். கறளைத் தெரியாதவர் இல்லை. ஓட்டையை எட்டிப் பார்க்க முழங்கால் விடவில்லை. என் தொலைபேசியால் படம் எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, கடல்காத்து உப்பு. எனக்குத் தெரியும். கப்பலிலை உப்புத் தட்டினால் நல்ல தண்ணியாலை அடிச்சுக் கழுவோணும். அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும் கழுவினனான். ஒரு நாளும் விடேல்லை. மனுசி செத்த அண்டைக்கும் கழுவினனான்."

"அதுதான் அண்ணை" என்றேன்.

சேர் இருந்திருந்தால் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பார். நான் சொல்லிவிட்டேன். அவர் தன் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

அப்போது என் சம்பந்தி வாய் திறந்தார். "வெல்டிங் அடிச்சால் சரிவரும்தானே, சம்பந்தி? மற்றும்படி எஞ்சின் நல்லாய்த்தானே கிடக்கு?"

கடவுளே! நான் அவரை என்ன கேட்டிருப்பேனோ தெரியாது. என்னை முந்தி நடராசா அண்ணை பேசினார்.

"மாஸ்டர், முதலிலை பிள்ளையை இறக்குங்கோ."

"என்ன அண்ணை?"

"பிள்ளையைக் கீழை இறக்குங்கோ எண்டுறன்!" அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பேத்தி பயந்து தானே குதித்து இறங்கினாள். "நான் விக்கேல்லை. வெல்டிங் அடிச்சாலும் விக்கேல்லை. பிள்ளையை ஏத்தமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினாலும் விக்கேல்லை. போயிட்டு வாங்கோ."

ஓட்டோவில் வரும்போது சம்பந்தி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். அச்சுவேலி தாண்டியதும் தொடங்கினார்.

"அந்த மனுசன்ரை முகத்துக்கு நேரை நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பிறகு எங்கை சொல்லுறது? ரேடியோவிலையோ?"

"தண்ணியிலை அப்பிடி என்ன பிழை? எனக்கு நல்லாய்த்தான் இருந்தது."

"உங்களுக்கு எதுதான் நல்லாய் இராது? நல்ல தண்ணி எது எண்டு தெரியோணுமெண்டால் எங்கடை வீட்டை வந்து அள்ளிக் குடிச்சுப் பாருங்கோ! அது தண்ணி! இனிப் பிள்ளையை ஸ்கூட்டரிலையும் ஏத்த வேண்டாம், பழைய காரிலையும் ஏத்த வேண்டாம். நான் என்ரை காரிலை கொண்டுபோய் விடுறன். வெயிலும் படாது, ஒரு கோதாரியும் படாது!"

திங்கட்கிழமை தொடக்கம் அப்படியே செய்தேன். பேத்தி முன்சீற்றில். சம்பந்தி வருவதை நிறுத்திவிட்டார். மகளின் முகம் தொங்கியது. மனைவி என்னோடு சோற்றுக்கும் கறிக்கும் மட்டும் கதைத்தாள். ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

சில கிழமைக்குப் பிறகு ஒருநாள் பின்வளவில் தண்ணி மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டுப் போனேன். சம்பந்தி நிற்கிறார். சுற்றிவர நீலப் பிளாஸ்ரிக் கான்கள். என் மனைவி குழாயைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். ஒழுங்கையில் ஓட்டோ.

"என்ன இது?"

"கப்பல் அண்ணைக்கு" என்றார், என் முகத்தைப் பாராமல். "போன கிழமை போய்ப் பார்த்தனான். மனுசன் கார்ப் பக்கமே போகாமல் கதிரையிலை இருக்குது. காலமை எழும்பி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லையாம். நல்ல தண்ணியாலை கழுவினால் பிழையில்லைத்தானே? நீங்கள்தானே சொன்னனியள், உங்கடை கிணறு நல்ல தண்ணி எண்டு."

"உள்ளுக்குப் போன உப்பு இனிப் போகாது. வீண் வேலை."

"தெரியும், சம்பந்தி. அந்தக் கானை ஒருக்காப் பிடியுங்கோ."

என் கரண்டில், என் மோட்டரில், என் தண்ணியை அள்ளி, தண்ணிக்குள்ளேயே இருக்கிற ஊருக்கு ஓட்டோ பிடித்துக் கொண்டுபோகிறார்கள். ஊர் சிரிக்காதா? ஆனாலும் கானைப் பிடித்தேன். அந்தக் கிழவனின் கையில் இருந்த ஈரத்துணி எனக்கும் அடிக்கடி ஞாபகம் வந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பேத்தி அழுது அடம்பிடித்ததில் நானும் கூடப் போனேன்.

நடராசா அண்ணை எங்களைக் கண்டதும் எழும்பி வந்தார். கழுவ முதல் ஒரு கானைச் சரித்து ரம்ளரில் கொஞ்சம் வார்த்தார். இப்போது மகள் கடைத்தண்ணிதான் குடிக்கக் கொடுக்கிறாளாம். "முதலிலை சப்பெண்டு இருந்தது, தம்பி. இப்ப நாக்குத் திரும்பீட்டுது. எங்கடை கிணத்தை இப்ப வாயிலை வைக்கேலாது" என்றார். பிறகு என் தண்ணியை ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். குறோட்டன் அடியில் துப்பினார்.

"ம்" என்றார்.

"என்ன அண்ணை, ம்?"

"கோவிக்காதேங்கோ தம்பி. எங்கடை அளவுக்கு இல்லை. ஆனால் உதுவும் சவர்தான்."

"என்ன கதைக்கிறியள்? எங்கடை கிணறோ? விசர்க்கதை கதைக்காதேங்கோ! அந்தக் கிணறு எங்கடை அப்பு வெட்டினது! சண்டிலிப்பாய் முழுக்க..." நான் கத்திக்கொண்டே போனேன். சம்பந்தி என் தோளில் கை வைத்தார். "விடுங்கோ சம்பந்தி. எனக்கு அருமையான தண்ணியாய்த்தான் கிடந்தது" என்றார்.

அன்றைக்கு அந்தச் சவருக்கும் இவர் சொன்னது இதே சொல்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாளி அள்ளிக் குடித்தேன். தேன். மனைவியிடம் கேட்டேன், அவளும் தேன் என்றாள். அவளை நம்பி என்ன பிரயோசனம், அவளும் இதே தண்ணிதான் குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அள்ளி அள்ளிக் குடித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை விடிய, காரைக் கழுவவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சாக்குக் கேட்டேன்.

"காலங்காத்தாலை சாக்கு என்னத்துக்கு?" என்றாள் மனைவி.

"கேட்டதைத் தாவனப்பா!"

ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு என் காருக்குக் கீழே படுத்தேன். பின்பக்கம், அதே இடம். ஸ்குறூட்றைவரை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன்.

போனது.

வெள்ளைச் சப்பாத்து இரண்டு ஓடி வந்து என் தலைமாட்டில் நின்றன. "அம்மப்பா, நேரமாச்சு. வெளிக்கிடுங்கோ."

கண்ணுக்குள் விழுந்த தூளைத் துடைத்தேன்.

"அப்பப்பாவுக்குப் போன் எடுக்கச் சொல்லு, பிள்ளை. இண்டைக்கு ஸ்கூட்டரிலை போ."